இரண்டு சிம்மும் ஆறு பக்க விண்ணப்பமும்

1

ஜூலை 3 என்று தேதியிட்ட ஒரு பக்கக் கடிதம். நான் அனுப்பிய மின்னஞ்சலுக்கு எங்கள் நகரத்தின் வெளிநாட்டவர் அலுவலகம் தபாலில் அனுப்பிய பதில் அது. அதன் இரண்டாம் பத்தியை அப்படியே தமிழில் தருகிறேன்: "உங்கள் மனைவி ஆகஸ்டு 24ஆம் தேதிக்குள் நாட்டுக்குள் திரும்பாவிட்டால் அவருடைய வசிப்பு உரிமை தானாகவே முடிவுக்கு வரும். கூடுதல் காலம் வேண்டுமென்றால் அந்தத் தேதிக்கு முன் விண்ணப்பிக்கவும். விண்ணப்பத்தை இணையம் வழியாக மட்டுமே, விண்ணப்பதாரரே செய்ய வேண்டும்." அடியில், இக்கடிதம் கணினியால் உருவாக்கப்பட்டது, கையொப்பம் இல்லாமலே செல்லும் என்று ஒரு வரி.

நான் ஜெர்மனிக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. என் மனைவி சுமதி வந்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, ஓர் ஆகஸ்டு மாதத்தில். தேதிகளைக் குறித்துவைப்பது எனக்குச் சிறு வயதிலிருந்தே உள்ள பழக்கம். அவள் வந்து இறங்கிய பத்தாம் ஆண்டு நிறைவன்று அவள் குமுளியில் இருந்தாள். நான் இங்கே எங்கள் மகள் மதுவுக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 24 அன்று சுமதி ஊருக்குப் போனாள். என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. இரண்டு மாதத்தில் திரும்புவது என்றுதான் பேச்சு. அவர் எழுந்து உட்காருவதற்கே மூன்று மாதம் ஆனது. இதைப் படிக்கும் ஊர்க்காரர்கள் கேட்கக்கூடும்: பெண் தன் அப்பாவைக் கவனிக்கப் போனதற்கு ஒரு சர்க்காரிடம் ஏன் அனுமதி வாங்க வேண்டும்? இங்கே வசிக்கக் கொடுக்கும் அட்டையில் அச்சிடாத ஒரு விதி இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அட்டை செத்துவிடும். பிறகு முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டும். தூதரகத்தில் நேரம் கிடைப்பதற்கே பல மாதங்கள் ஆகும் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்கிறார்கள்.

மதுவுக்கு ஒன்பது வயது. நான்காம் வகுப்பு தொடங்க இருந்தாள். இந்நாட்டில் நான்காம் வகுப்பு முடியும்போது பிள்ளையை எந்த வகைப் பள்ளிக்கு அனுப்புவது என்று ஆசிரியர் எழுதிக் கொடுத்துவிடுவார். அதற்குப் பிறகு தடம் மாறுவது கடினம். எல்லாவற்றையும் விட்டுவிட்டு மூவருமாகக் குமுளியில் இருந்துவிடலாமே என்று மச்சான் ஒருமுறை சொன்னார். சொல்வது எளிது. என் பெற்றோர் சின்னக்கானலில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். வேலை முடிந்த மாதமே தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டு போடிக்குப் போனார்கள். திரும்பிப் போவதற்கு எனக்கு அங்கே ஒரு கதவு இல்லை. இங்கே வாங்கிய வீட்டுக்கு இன்னும் நெடுங்காலம் தவணை கட்ட வேண்டும்.

2

விண்ணப்பம் ஆறு பக்கம். முதல் பக்கத்துக்கு முன்பே சுமதி தன் வசிப்பு அட்டையைக் கைபேசியின் முதுகில் ஒட்டவைத்து, ரகசிய எண்ணைத் தட்டி, தான் தான்தான் என்று நிரூபிக்க வேண்டும். அட்டை அவள் கையில், எண் அவள் நினைவில். ஆகவே இங்கிருந்து நான் செய்துகொடுக்க முடியாது. கணினிகளோடு பிழைப்பு நடத்தும் எனக்கு இதுவே பெரிய அவமானமாக இருந்தது.

பெயர், முகவரி, குடும்பம் என்று மூன்று பக்கம் போகும். நான்காம் பக்கத்தில் வெளியே தங்கியதன் காரணத்தை எழுதி, ஆஸ்பத்திரிச் சான்றிதழையும் அதன் ஜெர்மன் மொழிபெயர்ப்பையும் ஏற்ற வேண்டும். அங்கேதான் அறுந்துவிழும். திரை ஒரு கணம் வெளுத்து முதல் பக்கம் வந்து நிற்கும்.

"என்னங்க, மறுபடியும் வெளிய தள்ளிருச்சு" என்பாள்.

"என்ன எழுதியிருக்கு, படி."

அவள் ஜெர்மனை ஓர் எழுத்தையும் விழுங்காமல் படிப்பாள். தேர்வுக்காக அப்படிப் படித்துப் பழகியவள். "இரே சிட்சுங் இஸ்ட் அப்கெலௌஃபன். பிட்ட மெல்டன் சீ சிஷ் எர்நொய்ட் அன்." உங்கள் அமர்வு காலாவதியாகிவிட்டது, மீண்டும் உள்நுழையவும். ஒவ்வொரு முறையும் முழுதாகப் படித்தாள். "இந்தாளுக்கு நம்ம மேல என்ன கோவம்?" என்று கடைசியில் சேர்த்துக்கொள்வாள்.

ஜூலை முழுக்க இதுவே கதை. மழையில் மரம் விழுந்து, குமுளியில் மாமனாரின் கடைக்கு வரும் இணையக் கேபிள் அறுந்திருந்தது. சரிசெய்ய ஆள் வரவில்லை. கைபேசி மட்டும்தான் வழி.

3

இது ஏன் நடக்கிறது என்பதைச் சொல்ல எனக்குக் கடை வாசலைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை.

குமுளியில் என் மாமனாருடையது ஏலக்காய், மிளகு விற்கும் கடை. உள்ளே நான்கு மேசை. எல்லாச் சரக்கும் எல்லா மேசையிலும் உண்டு. சுற்றுலாக் கூட்டம் வரும்போது மாமா வாசலில் நின்று, "நீங்க ரெண்டாவதுக்குப் போங்க, நீங்க அங்கிட்டு நாலாவதுக்கு" என்று பிரித்துவிடுவார். ஒரு மேசையில் ஆள் நிறைந்தால் அடுத்ததற்கு அனுப்புவார். பெரிய இணையதளங்களிலும் இதேபோல் பல சர்வர்கள் இருக்கும். அவற்றின் வாசலில் நின்று ஆட்களைப் பிரித்துவிடும் கருவியை லோட் பேலன்சர் என்போம்.

சிக்கல் எங்கே என்றால், குமுளியில் யாரும் ஒரே நடையில் வாங்குவதில்லை. ஒரு மேசையில் முகர்ந்து பார்த்து, விலை பேசி, "வர்றோம்" என்று வெளியே போய், நான்கு கடை ஏறி இறங்கித் திரும்பி வருவார்கள். முதலில் பேசியது என்ன சரக்கு, என்ன விலைக்கு இறங்கினோம் என்பதெல்லாம் அந்த மேசைக்காரர் தலையில்தான் இருக்கும். வேறு மேசைக்கு அனுப்பினால் "யாருங்க நீங்க?" என்று ஆரம்பத்திலிருந்து தொடங்குவார். ஆகவே திரும்பி வருபவரை அதே மேசைக்கு அனுப்பியாக வேண்டும். என் தொழிலில் இதற்கு ஒட்டும் அமர்வு என்று பெயர்.

எந்த ஆள் எந்த மேசை என்று மாமா எப்படி நினைவில் வைப்பார்? வந்த வண்டியை வைத்துத்தான். கோட்டயம் வேன் இரண்டாவது, மதுரை பஸ் மூன்றாவது. பெரும்பாலும் சரியாக நடந்தது. ஆனால் ஒரு பெரிய பஸ் வந்தால் மொத்தக் கூட்டமும் ஒரே மேசையில் மொய்க்க, மற்ற மூன்று பேர் ஈ ஓட்டுவார்கள். இன்னொரு தொல்லை, வேனில் வந்தவர்கள் வனத்தைப் பார்க்க ஜீப்பில் ஏறிப்போய் ஜீப்பிலேயே வந்து இறங்குவார்கள். மாமாவுக்கு அவர்கள் புது ஆட்கள். வேறு மேசைக்கு அனுப்பிவிடுவார். பேசிய விலை இல்லையென்று சண்டை வரும்.

பி.காம் முடித்துக் கடைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த சுமதிதான் அப்போது ஒரு வழி சொன்னாளாம். முதல் முறை வரும்போதே மேசை எண் எழுதிய ஒரு துண்டு அட்டையை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவது. எந்த வண்டியில் வந்தாலும் அட்டையைக் காட்டினால் போதும். உலாவிகளில் குக்கீ என்று ஒன்று வைக்கிறோமே, அதன் வேலை இதுவேதான். கல்யாணத்துக்குப் பிறகு இதை நான் சொன்னபோது அவள், "பாதிப் பேரு அட்டைய ரோட்டுல எறிஞ்சுட்டுத்தான் வந்தாக" என்றாள். குக்கீயிலும் அந்தச் சிக்கல் உண்டு.

4

ஆகஸ்டு முதல் வாரத்தில் ஒரு சனிக்கிழமை எனக்கு உறைத்தது. அதே தளத்தில் எனக்கும் கணக்கு உண்டு. சமையலறையில் நின்று, வீட்டு வைஃபையில் உள்நுழைந்து இரண்டு பக்கம் போனேன். பிறகு வைஃபையை அணைத்துக் கைபேசி இணையத்துக்கு மாறினேன். திரை வெளுத்தது. இரே சிட்சுங் இஸ்ட் அப்கெலௌஃபன்.

அந்த அலுவலகத்தின் வாசல் கருவி அட்டையைப் பார்க்கவில்லை. வண்டியைப் பார்க்கிறது. அதாவது இணைப்பு எந்த முகவரியிலிருந்து வருகிறது என்பதை வைத்தே ஆளைப் பழைய சர்வருக்கு அனுப்புகிறது. முகவரி மாறினால் அடுத்த சர்வருக்குப் போய்விடும். அங்கே இருப்பவருக்கு நாம் யாரென்று தெரியாது. உள்ளே போய்ப் பார்க்காமல் இதை நூறு சதவீதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று முறை செய்து பார்த்தேன், மூன்று முறையும் அப்படித்தான்.

உடனே குமுளிக்கு அழைத்தேன். சுமதியின் அண்ணன் முருகேசன்தான் எடுத்தார். மாமா விழுந்த பிறகு வாசலில் நிற்பவர் அவர்.

"மச்சான், சுமதி போன்ல எத்தன சிம் இருக்கு?"

"ரெண்டு. ஏன் மாப்ள?"

"எது எது?"

"ஒண்ணு கேரளா, ஒண்ணு தமிழ்நாடு. ரேசன், ஆஸ்பத்திரின்னு ஒடிபி பூராம் கேரளா நம்பருக்குத்தான் வரும். கம்பம் யாவாரிக நம்மளக் கூப்பிடுறது தமிழ்நாட்டு நம்பர்ல. பார்டர்ல இருக்கவனுக்கு ஒத்தச் சிம்மு எப்படிப் பத்தும்?"

"நெட் எதுல ஓடுது?"

"அதுலயா? நாந்தான் செட் பண்ணிக் குடுத்துருக்கேன். எதுல சிக்னல் நல்லா இருக்கோ அதுக்குத் தன்னால மாறிக்கும். கடைக்குள்ள வந்தா கேரளா. வாசலுக்கு வந்தா தமிழ்நாடு. மாடில அப்பா படுத்துருக்க ரூம்ல ரெண்டும் மாறி மாறி வரும்." குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"அதான் மச்சான் சிக்கல். அது மாறுறப்பெல்லாம் இங்க இருக்கறவன் வேற ஆளுன்னு நெனச்சு வெளிய தள்ளுறான்."

"அப்ப ஜெர்மன்காரனுக்கு ஜீப்புல போன ஆளு வேன்ல வந்த ஆளுன்னு தெரியாதா?"

"தெரியல."

"நம்ம அப்பா மாதிரிதான் கெடக்கு. இதுக்காகவா ஒரு மாசம் அந்தப் புள்ள கண்ணீர் விட்டுச்சு?"

கண்ணீர் விட்ட செய்தி எனக்குப் புதியது. என்னிடம் பேசும்போது அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

5

இதற்கிடையில் நேரில் போய்க் கேட்டுவிடலாம் என்று மதுவையும் அழைத்துக்கொண்டு வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனேன். கோடை விடுமுறை, அவளை வீட்டில் விட முடியாது. சன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மாள் மரியாதையாகவே கேட்டார். நான் முகவரி மாறுவது, சர்வர் மாறுவது எல்லாம் விளக்கினேன். பதற்றத்தில் என் ஜெர்மன் குளறியது. வினைச்சொல்லைக் கடைசியில் வைக்க மறந்துபோய், வாக்கியம் முடிந்த பிறகு தனியாக ஒருமுறை சொன்னேன். அந்த அம்மாள் மதுவைப் பார்த்தார். மது என்னைவிடக் குறைந்த சொற்களில் விஷயத்தைச் சொல்லி முடித்தாள்.

"எங்கள் தரப்பில் கோளாறு எதுவும் பதிவாகவில்லை" என்றார் அவர். "உங்கள் மனைவி மீண்டும் முயற்சி செய்யட்டும். காகித விண்ணப்பத்தை நாங்கள் ஏற்பதில்லை."

வெளியே டிராம் நிறுத்தத்தில் நின்றோம். மது தமிழ் பேசுவாள். ஆனால் இந்த ஆறு மாதத்தில் அதற்குள் ஜெர்மன் வாக்கியம் புகுந்துவிட்டது. அம்மா இருந்தபோது அம்மா திருத்துவாள். நான் திருத்துவதில்லை, நேரம் இருப்பதில்லை.

"அம்மா எனக்குக் குறையுறாங்க அப்பா" என்றாள்.

ஒருவரை நினைத்து ஏங்குவதை ஜெர்மனில் அப்படித்தான் சொல்வார்கள், எனக்கு அவர் குறைகிறார் என்று. நமக்கு அன்றாடப் பேச்சில் அதற்குச் சரியான ஒற்றைச் சொல் இல்லை. ஞாபகமாக இருக்கிறது, தேடுகிறது என்று சுற்றி வளைத்துத்தான் வருவோம். திருத்த வாய் திறந்து அப்படியே விட்டுவிட்டேன்.

"நாம அங்க போய் இருந்தா உனக்குப் பிடிக்குமா?"

"குமுளியிலயா? அங்க நான் எந்த மொழியில எழுதுவேன்?"

அவளுக்குத் தமிழ் எழுத்து பாதி தெரியும். மலையாளம் ஓர் எழுத்தும் தெரியாது. டிராம் வந்துவிட்டது.

வேலையிலும் அந்த வாரம் இதே பேச்சாக இருந்தது தற்செயல்தான். நான் ஓர் இணையக் கடையின் சர்வர்களைக் கவனிப்பவன். அங்கும் வாடிக்கையாளரை ஒரே சர்வரில் ஒட்டவைக்கும் பழைய ஏற்பாடு இருந்தது. அதை எடுத்துவிட்டு, எல்லா மேசைக்கும் நடுவே ஒரு பொதுப் பலகை வைத்து அதில் எழுதும் ஏற்பாட்டுக்கு மாறிக்கொண்டிருந்தோம். அப்படிச் செய்தால் யாரும் எந்த மேசைக்கும் போகலாம். பழைய சர்வர் ஒன்றை ஓய்வுக்கு அனுப்ப வேண்டும். அதற்குப் புதிதாக ஆட்களை அனுப்புவதை நிறுத்திவிட்டு, ஏற்கெனவே ஒட்டியிருப்பவர்கள் முடித்துக்கொண்டு போகும்வரை காத்திருக்க வேண்டும். தண்ணீரை வடியவிடுவதுபோல. காலையிலிருந்து காத்திருந்தோம். சிலர் பக்கத்தைத் திறந்துவைத்துவிட்டுப் போயிருந்தார்கள் போலும், வடியவே இல்லை.

கூட வேலை செய்யும் யென்ஸ் காப்பிக் கோப்பையோடு வந்து நின்றான். "இதுதான் ஒட்டவைப்பதில் உள்ள வினை. அவர்களாலும் போக முடியாது, இந்தச் சர்வராலும் போக முடியாது" என்றான். பிறகு, "வெட்டிவிடட்டுமா?" என்று கேட்டான்.

இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்றேன். யாருடைய கூடையில் என்ன இருக்கிறதோ. மதியம் அவனே வெட்டிவிட்டான். ஒரு புகாரும் வரவில்லை.

6

ஆகஸ்டு 12. எங்களுக்குக் காலை, அவர்களுக்கு நடுப்பகல். முந்தைய நாளே முருகேசன் சுமதியின் கைபேசியிலிருந்து தமிழ்நாட்டுச் சிம்மைக் கழற்றிவிட்டார். கழற்றும்போது கம்பத்திலிருந்து வரும் அழைப்பெல்லாம் போய்விடும் என்று புலம்பினாராம். கடைக்குள்ளே கேரளச் சிக்னல் நன்றாக இருக்கும் கல்லாவுக்குப் பக்கத்து மேசையில் சுமதி உட்கார்ந்தாள். முருகேசனின் கைபேசியை மிளகு மூட்டைமேல் சாய்த்துவைத்து எனக்கு வீடியோ அழைப்பு. அவள் முகமும் கடையின் பாதியும் தெரிந்தன. அவளுடைய திரை எனக்குத் தெரியாது.

தொடங்குமுன் இணைய முகவரியைக் காட்டும் ஒரு பக்கத்தைத் திறந்து அதில் உள்ள எண்ணைப் படிக்கச் சொன்னேன். குறித்துக்கொண்டேன்.

அட்டையை ஒட்டவைத்தாள். உள்ளே போனாள். பெயர், முகவரி, குடும்பம். நான்காம் பக்கம் வந்தது. சான்றிதழ் ஏறியது. மொழிபெயர்ப்பும் ஏறியது. ஐந்தாம் பக்கம் வந்தது.

"தாண்டிருச்சு" என்றார் முருகேசன் பின்னாலிருந்து. "பூராம் என் சிம்மு செஞ்ச வேலையா? இத்தன நாள் சொல்லிருக்கலாம்ல மாப்ள."

"அண்ணே, செத்த சும்மா இரு."

ஐந்தாம் பக்கம் காப்பீட்டு விவரம். அதுவும் முடிந்தது.

"ஆறு வந்துருச்சுங்க."

"தேதி கேக்கும். என்னைக்குத் திரும்பி வர்றேன்னு. டிசம்பர் 20 போடு." அந்தத் தேதியை ஜூனிலேயே இருவரும் பேசி முடிவு செய்திருந்தோம். மதுவின் கிறிஸ்துமஸ் விடுமுறை அன்று தொடங்கும்.

"ம்."

அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை அசையவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு குடும்பம் உள்ளே வந்தது. முருகேசன் வாசலுக்குப் போயிருந்தார். ஒரு பெண், "சேச்சி, ஈ குருமுளகு எவிடத்தயா?" என்று கேட்டாள். சுமதி தலை நிமிராமலே மலையாளத்தில் பதில் சொல்லத் தொடங்கி, பிறகு நிமிர்ந்தாள். எந்தத் தோட்டத்து மிளகு, எப்போது பறித்தது, இதை ஏன் நுனியில் கடித்துப் பார்க்க வேண்டும் என்று சொன்னாள். அந்தப் பெண்ணின் கணவன் தமிழில் ஏதோ வேடிக்கையாகச் சொன்னான். சுமதி சிரித்தாள். "கடிச்சுட்டு ஊருக்குப் போய் என்னையத் திட்டக் கூடாது சார்" என்றாள். அந்தச் சிரிப்பை நான் இங்கே எங்கள் வீட்டில் எப்போது கேட்டேன் என்று யோசித்தேன். தேதி நினைவுக்கு வரவில்லை.

அவர்கள் அடுத்த மேசைக்கு நகர்ந்தார்கள். சுமதி மறுபடி கைபேசியைக் கையில் எடுத்தாள். பார்த்தாள். கட்டைவிரல் அசைந்தது.

"போயிருச்சுங்க" என்றாள்.

"என்ன?"

"போயிருச்சு. மொதப் பக்கம்."

"என்ன எழுதியிருக்கு?"

"அதான், போயிருச்சு."

முருகேசன் உள்ளே வந்து எட்டிப் பார்த்தார். "அட, அந்தச் சிம்மத்தான் கழட்டிட்டமே?"

முகவரி காட்டும் பக்கத்தை மறுபடி திறந்து படிக்கச் சொன்னேன். படித்தாள். தொடங்குமுன் குறித்துக்கொண்ட அதே எண். ஓர் இலக்கம்கூட மாறவில்லை. வாடிக்கையாளரோடு பேசியதும் நீண்ட நேரம் இல்லை. அவ்வளவு நேரத்தில் ஓர் அமர்வு காலாவதியாகாது.

"அப்பாவுக்கு மருந்து குடுக்கணும். பெறகு பாப்போம்" என்று அழைப்பை முடித்தாள்.

7

மறுநாள் அவளே அழைத்தாள். விண்ணப்பத்தைப் பற்றிப் பேசவில்லை. மாமா கையூன்றி உட்கார்ந்தது, மழை, கேபிள்காரன் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதது.

"ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"இங்க ஒரு ஆளு வந்து ஏலக்கா எந்த ஊருன்னு கேட்டா நான் பதில் சொல்றேன். நாள் பூரா எதையாவது கேட்டுக்கிட்டே இருக்காக. அங்கிட்டு பத்து வருசத்துல என்னைய யாருங்க எதக் கேட்டா? அட்டைய நீட்டச் சொன்னா நீட்டுவேன். ஒப்புப் போடச் சொன்னாப் போடுவேன்."

"வேலைக்குப் போகலாம்னு சொன்னேனே."

"சொன்னீங்க. ஆஸ்பத்திரில தரை தொடைக்கிற வேலை. போனேன்ல. அங்கயும் யாரும் ஒண்ணும் கேக்கல."

அது உண்மை. நான்கு மாதம் போனாள். அவளுடைய பி.காம் பட்டத்தை இங்கே மதிப்பிட அனுப்பி, இன்னின்ன காகிதம் குறைகிறது என்று பதில் வந்து, அந்தக் காகிதங்களுக்காகக் கல்லூரிக்கு எழுதி, அது அப்படியே நின்றுபோனது. அந்தக் கோப்பை நான் கடைசியாகத் திறந்த தேதி எனக்குத் தெரியும். இங்கே எழுத விருப்பமில்லை.

"அப்ப வர வேண்டாமா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"புள்ளய வச்சுக்கிட்டு இப்படிக் கேக்குறீங்க" என்றாள்.

அன்று மது பள்ளிக்கூடப் பையில் போட வேண்டிய புதுப் பென்சில்களில் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தாள். அம்மா பேசிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்ததும் ஓடி வந்து கைபேசியை வாங்கிக்கொண்டு அறைக்குள் போனாள். கதவு வழியாக, அம்மா திருத்தும் குரலும் மது மறுபடி சொல்லும் குரலும் கேட்டன. இருவரும் சிரித்தார்கள். நான் நடுக்கூடத்தில் நின்றேன். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தால் நடுவில் நிற்பவன் என்ன செய்வான் என்று எந்தப் புத்தகத்திலும் படித்ததாக நினைவில்லை. நாள்கள் மட்டும் போய்க்கொண்டிருந்தன. நான் மறுபடி விண்ணப்பத்தைப் பற்றி அவளிடம் கேட்கவில்லை. கேட்பது மிரட்டுவதுபோல் ஆகிவிடும் என்று தோன்றியது. கேட்காமல் இருந்து 24ஆம் தேதி கடந்துவிட்டால் மதுவுக்கு என்ன பதில் சொல்வது என்ற பயமும் கூடவே இருந்தது.

ஆகஸ்டு 20 காலை, நான் அலுவலகத்துக்குக் கிளம்பும்போது வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. விண்ணப்பம் பெறப்பட்டது என்ற ஒப்புகைப் பக்கம். விண்ணப்ப எண், பெயர், நாள். யாருடைய துணையும் இல்லாமல் அவளாக உட்கார்ந்து ஆறு பக்கமும் முடித்திருக்கிறாள். அழைத்தேன்.

"போட்டுட்டேன்" என்றாள். "டிசம்பர் 20தான். மதுகிட்டச் சொல்லிருங்க."

"எங்க உக்காந்து போட்ட?"

"அப்பா ரூம்லதான்."

"அங்க சிக்னல் மாறுமே?"

"சிம்ம இன்னும் திருப்பிப் போடலங்க. அண்ணன் தெனம் கேட்டுக்கிட்டுதான் இருக்கு. எல்லாம் நல்லபடியா முடியட்டும்னு வச்சுருக்கேன்."

மதுவிடம் சொன்னேன். நாள்காட்டியில் டிசம்பர் 20ஐச் சுற்றிப் பச்சை மையால் வட்டம் போட்டாள். முருகேசன் அன்று மாலையே சிம்மை மறுபடி மாட்டிக்கொடுத்துவிட்டதாகப் பிறகு தெரிந்தது.

8

இதை எழுதும் இன்று செப்டம்பர் 6. விண்ணப்பத்தின் மேல் முடிவு வரவில்லை. தேதிக்கு முன் கொடுத்த விண்ணப்பம் என்பதால் பயப்பட வேண்டாம் என்று ஒரு வழக்கறிஞர் தொலைபேசியில் சொன்னார். எழுதித் தர மறுத்துவிட்டார். பட்டம் மதிப்பிடும் கோப்பை வெளியே எடுத்துக் குறையும் காகிதங்களைப் பட்டியலிட்டுக் கல்லூரிக்கு மீண்டும் எழுதியிருக்கிறேன். பதில் வந்தாலும் டிசம்பருக்குள் எதுவும் மாறிவிடாது என்பது எனக்குத் தெரியும். சுமதியிடம் இதைச் சொன்னபோது "ம்" என்றாள்.

இங்கே வாசகருக்கு ஒரு சின்னத் தொழில் விவரம் மட்டும் சொல்லவேண்டியிருக்கிறது. அந்தத் தளத்திலிருந்து வெளியே வர இரண்டு வழி உண்டு. சர்வர் நம்மைத் தொலைத்துவிட்டால் "உங்கள் அமர்வு காலாவதியாகிவிட்டது" என்று எழுதும். நாமே வெளியேறும் பொத்தானை அழுத்தினால் "நீங்கள் வெற்றிகரமாக வெளியேறிவிட்டீர்கள்" என்று எழுதும். இரண்டுக்கும் அடியில் வருவது அதே முதல் பக்கம்தான். என் கணக்கில் இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன்.

ஆகஸ்டு 12 அன்று சுமதியின் திரையில் இருந்த வாசகம் இவற்றில் எது என்பது உறுதியாகவில்லை. அதற்கு முந்தைய முறைகளில் எல்லாம் படித்துக் காட்டியவள் அன்று படிக்கவில்லை. அந்த நிமிடத்தில் அங்கே ஒரு சர்வர் நின்றுபோயிருக்கலாம், அதற்கும் வாய்ப்பு உண்டு. அவள் பொய் சொல்லுகிறவள் இல்லை. கேட்டால் சொல்லிவிடுவாள். இன்று வரை கேட்கவில்லை.